மளிகைக்கடைத் தராசும் ஐ.ஐ.டி.யும்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நம் வீட்டுத் திண்ணைக்கு ஓய்வு கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளும், அவர்களைக் காட்டிலும் அதிகக் கவலையோடு அவர்களுடைய பெற்றோர்களும் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். "எந்தக் காலேஜ்? எந்தப் படிப்பு?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கும் உபாத்தியாயருக்கு ஜோஸ்யருடைய ஸ்தானம் கிடைப்பது வருஷத்தில் இந்த ஒரு மாதந்தான். தட்சிணை மட்டும் கிடையாது.

மூன்று வருஷங்களுக்கு முன் அப்படி ஒரு மாலையில், கடைவீதி மளிகைக்கடை அண்ணாச்சி தம் பெண்ணை அழைத்துக்கொண்டு வந்தார். பெண் நம்மிடம் இரண்டு வருஷம் பௌதிகம் படித்தவள். ஜே.இ.இ. அட்வான்ஸ்டு பரீட்சையில் தேறி ராங்கும் வாங்கியிருந்தாள். ஊரெல்லாம் அதே பேச்சு. ஆனால் தகப்பனார் முகத்திலோ மகள் முகத்திலோ சந்தோஷத்தின் சாயல் கூட இல்லை.

"ஸார், இவள் எழுதி வைத்திருக்கும் ஜாபிதாவைப் பாருங்கள்" என்று அண்ணாச்சி ஒரு காகிதத்தை நீட்டினார்.

ஜாபிதாவின் முதல் வரியில் 'எஞ்சினீயரிங் பிஸிக்ஸ்' என்று எழுதியிருந்தது. இரண்டாவது வரியிலும் அதுவே, மூன்றாவதிலும் அதுவே. ஊர்ப் பெயர்தான் மாறியிருந்தது. கம்ப்யூட்டர் ஸயன்ஸ் எட்டாவது வரியில் ஒதுங்கி நின்றது.

"இந்த ராங்குக்குப் புதிய ஐ.ஐ.டி. ஒன்றில் கம்ப்யூட்டரே கிடைக்கலாம் என்கிறார்கள். இவள் பிஸிக்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். பிஸிக்ஸ் படித்து என்ன ஸார் பிரயோஜனம்? கடைசியில் உங்களைப்போல வாத்தியாராக..."

வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. யாரிடம் பேசுகிறோம் என்பது பாதியில் நினைவுக்கு வந்துவிட்டது போலும். நமக்குக் கோபம் வரவில்லை. பெண்ணைப் பெற்றவருடைய கவலை நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை நமக்கு உண்டு. ஆனால் பதில் சொல்லுமுன் நமக்கே ஒரு பயம் இருந்தது. அதற்குக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாம் செய்த பிழை

அதற்குச் சில வருஷங்களுக்கு முன் ஒரு பையன் இதே திண்ணையில் உட்கார்ந்து ஆலோசனை கேட்டான். கெட்டிக்காரப் பையன், கணக்கைக் கண்ணால் பார்த்தே விடை சொல்லுவான். அவனுக்குச் சிவில் எஞ்சினீயரிங்கில் ஆசை. பாலம் கட்ட வேண்டும் என்பான். அவன் ராங்குக்குச் சொந்த மாகாணத்தில் நல்ல கல்லூரியில் சிவில் கிடைத்திருக்கும். ஐ.ஐ.டி. ஒன்றில் எஞ்சினீயரிங் பிஸிக்ஸும் கிடைப்பதாக இருந்தது. "ஐ.ஐ.டி. என்றால் எந்தப் படிப்பானால் என்ன, அப்பா? கண்ணை மூடிக்கொண்டு சேர்ந்துவிடு" என்று நாம்தான் சொன்னோம். நமக்குப் பௌதிகம் பிடிக்கும் என்பதால் அவனுக்கும் பிடித்துவிடும் என்று எண்ணிக்கொண்டோம்.

இரண்டாம் வருஷம் பாதியில் அவன் ஊருக்குத் திரும்பி வந்தான். மூன்று பாடங்களில் தோல்வி. நம்மைக் கண்டால் தெருவின் மறுபக்கமாகப் போய்விடுவான். பிறகு வேறொரு கல்லூரியில் சிவிலே படித்து இன்று சௌக்கியமாக வேலை பார்க்கிறான். ஆயினும் அவன் இழந்த இரண்டு வருஷங்களை நாம் திருப்பிக் கொடுக்க முடியாது. அன்றிலிருந்து, "இந்தப் படிப்பு எப்படிக் கிடைக்கும்?" என்று கேட்பவர்களிடம், "இந்தப் படிப்பு என்னவென்று தெரியுமா?" என்று முதலில் கேட்பதை வழக்கமாக்கிக்கொண்டோம்.

அண்ணாச்சியின் பெண்ணிடமும் அதையே கேட்டோம். அவள் தகப்பனாரை ஒரு முறை பார்த்தாள். "ஸார், நம்ம கடைத் தராசுதான் ஸார்" என்றாள்.

தராசுக்குள் இருப்பது

ஒரு சமயம் வகுப்பில் நாம் ஒரு கேள்வி போட்டிருந்தோம். தராசின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருக்கிறது. பாத்திரத்தைத் தொடாமல் கையை மட்டும் தண்ணீரில் அமிழ்த்தினால் தராசு காட்டும் எடை கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? வகுப்பில் பெரும்பாலோர், "அப்படியே இருக்கும், கைதான் பாத்திரத்தைத் தொடவில்லையே" என்றார்கள். அண்ணாச்சியின் பெண் பதில் சொல்லவில்லை. அன்றிரவு கடை சாத்தும் நேரத்தில் எலக்ட்ரானிக் தராசின் மேல் வாளியை வைத்து, மணிக்கட்டு வரையில் கையை விட்டுப் பார்த்தாள். கால் கிலோவுக்கு மேல் கூடிற்று!

தண்ணீர் கையை மேலே தூக்குகிறது. ஆகவே கை தண்ணீரைக் கீழே அழுத்துகிறது. கை விலக்கிய தண்ணீரின் எடை எவ்வளவோ அவ்வளவும் தராசில் ஏறிவிடும். ஆர்க்கிமிடீஸ் தத்துவமும் நியூட்டனின் மூன்றாவது விதியும் ஒரே வாளியில் சந்திக்கின்றன. அண்ணாச்சிக்கோ கவலை வேறு. "யாராவது பார்த்தால் எடையில் மோசடி என்று சொல்லிவிடப் போகிறார்கள், எடு கையை!" என்று அதட்டினாராம்.

பெண்ணின் சந்தேகம் அதோடு தீரவில்லை. எடை கூடியது தராசுக்கு எப்படித் தெரிந்தது? பழைய தராசாயிருந்தால் தட்டு இறங்குவதைக் கண்ணால் காணலாம். இதில் ஒன்றும் அசையக் காணோம். எண் மட்டும் மாறுகிறது. மறுநாள் நம்மிடம் வந்து கேட்டாள். நாமும் படித்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

எலக்ட்ரானிக் தராசின் தட்டுக்குக் கீழே ஓர் உலோகக் கட்டை இருக்கிறது. அதில் மெல்லிய உலோகச் சரிகைபோன்ற பட்டைகளை ஒட்டியிருக்கிறார்கள். தட்டில் சர்க்கரையை வைத்தால் கட்டை மயிரிழையிலும் குறைவாக வளைகிறது. பட்டைகளும் கூடவே நீளுகின்றன. உலோகம் நீண்டால் அதன் மின்தடை மாறும் என்பதை 1856இல் கெல்வின் பிரபு கவனித்துச் சொன்னார். அந்த மாறுதல் மிக மிகச் சிறியது. நேரே அளந்தால் அகப்படாது. அதை அகப்படச் செய்வது நம் பன்னிரண்டாம் வகுப்புப் புஸ்தகத்தில் பிள்ளைகள் உருப்போடும் வீட்ஸ்டோன் சமனச்சுற்று. நான்கு தடைகளும் சமமாயிருந்தால் நடுவில் மின்சாரம் ஓடாது. ஒன்று இம்மி மாறினாலும் ஓடும். அந்த மின்சாரத்தைப் பெருக்கி எண்ணாக்கிக் காட்டினால் 'ஒரு கிலோ' என்கிறது தராசு. கெல்வினுடைய கவனிப்புக்கும் இப்படிப் பட்டை ஒட்டி அளக்கும் முறைக்கும் இடையே ஏறக்குறைய 80 வருஷங்கள் ஓடிவிட்டன. 1938இல்தான் அமெரிக்காவில் அது உருவாயிற்று.

அந்த 80 வருஷ இடைவெளியைக் கடக்கக் கற்றுக்கொடுப்பதுதான் எஞ்சினீயரிங் பிஸிக்ஸ் என்று சொல்லிவிடலாம். இயற்கையின் விதியை ஆராய்கிறவர் ஒருவர். கருவியைச் செய்கிறவர் ஒருவர். இருவருடைய வேலையையும் ஒருவரே அறிந்திருக்க வேண்டும் என்பது இந்தப் படிப்பின் நோக்கம்.

இதற்கு நல்ல உதாரணம் தியோடர் மைமன் என்ற அமெரிக்கர். சிறு வயதில் ரேடியோ, மின்சாரச் சாமான்களைப் பழுது பார்த்துக் காசு சம்பாதித்தவர். கொலராடோ சர்வகலாசாலையில் எஞ்சினீயரிங் பிஸிக்ஸ் படித்து 1949இல் பட்டம் பெற்றார். லேஸர் ஒளிக்கு அடிப்படையான தத்துவத்தை ஐன்ஸ்டீன் 1917லேயே கூறியிருந்தார். அதைக் கருவியாக்க 1950களின் இறுதியில் பெரிய ஆராய்ச்சிசாலைகள் போட்டியிட்டன. கெம்புக்கல்லைக் கொண்டு அது ஆகாது என்பது அத்துறையில் பெரியவர்கள் பலருடைய அபிப்பிராயம். மைமன் தாமே அளந்து பார்த்தார். பெரியவர்களின் கணக்குத் தவறு என்று கண்டார். ஒரு சிறு கெம்புத் தண்டையும் புகைப்படக்காரர்கள் உபயோகிப்பது போன்ற பளிச்சிடும் விளக்கையும் வைத்துக்கொண்டு, 1960ஆம் வருஷம் மே மாதம் 16ந் தேதி உலகின் முதல் லேஸர் ஒளியை உண்டாக்கினார். சர்க்கரை வியாதியினால் விழித்திரை கெட்டுப்போகாமல் நம் ஊர்க் கண்ணாஸ்பத்திரிகளில் இன்று காப்பாற்றுவது அந்த வம்சத்து ஒளிதான்.

ஏறவேண்டிய படிகள்

இனி, இந்தப் படிப்பில் சேருவது எப்படி என்று பார்ப்போம். சென்னை, பம்பாய், டில்லி, கௌஹாத்தி, ரூர்க்கி, ஹைதராபாத் முதலிய இடங்களிலுள்ள ஐ.ஐ.டி.க்களில் எஞ்சினீயரிங் பிஸிக்ஸ் பி.டெக். படிப்பு இருக்கிறது. திருவனந்தபுரத்தருகே 2007இல் தொடங்கிய விண்வெளிக் கல்வி நிலையமும் இதைக் கற்பிக்கிறது.

தமிழ்நாட்டு எஞ்சினீயரிங் கல்லூரிகளில் 2007 முதல் நுழைவுப் பரீட்சை இல்லை. கணிதம், பௌதிகம், ரஸாயனம் ஆகியவற்றில் வாங்கிய மார்க்கை 200க்குக் கணக்கிட்டு இடம் கொடுக்கிறார்கள். ஐ.ஐ.டி.க்கு அது போதாது. முதலில் ஜே.இ.இ. மெயின், பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் எழுதுவது. அதில் முன்னிற்கும் சுமார் இரண்டரை லட்சம் பேருக்கே அட்வான்ஸ்டு பரீட்சை எழுதும் உரிமை. அட்வான்ஸ்டு ஒரே நாளில் மூன்று மூன்று மணியாக இரண்டு தாள்கள். அடுத்தடுத்த இரண்டு வருஷங்களில் இரு முறைதான் எழுதலாம். 2024இல் இரண்டு தாள்களையும் எழுதியவர்கள் 1,80,200 பேர். தேறியவர்கள் 48,248 பேர். எல்லா ஐ.ஐ.டி.க்களிலும் எல்லாப் படிப்புகளிலுமாக அவ்வருஷம் இருந்த இடங்களோ 17,740தான். பள்ளிப் பரீட்சையிலும் நூற்றுக்கு 75 மார்க்கு வேண்டும், அல்லது அந்தந்தப் போர்டில் முதல் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். ஆதிதிராவிட, பழங்குடி மாணாக்கருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் 65 மார்க்கு.

தமிழ் வழியில் படித்த குழந்தைகளுக்கு இன்னொரு தடையும் உண்டு. மெயின் பரீட்சையை 2021 முதல் தமிழிலும் எழுதலாம். அட்வான்ஸ்டு கேள்விகளோ இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மட்டுமே வருகின்றன. தாய்மொழியில் சிந்திக்கும் குழந்தை மேல்படியில் மட்டும் வேற்றுமொழியில் சிந்திக்க வேண்டும் என்பது நியாயமாக நமக்குத் தோன்றவில்லை. ஆனால் நியாயம் பிறக்கும்வரை காத்திருந்தால் வருஷம் போய்விடும். அண்ணாச்சியின் பெண் ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் மின்தடைக்கு எதிரே 'ரெஸிஸ்டன்ஸ்' என்றும், உந்தத்துக்கு எதிரே 'மொமெண்டம்' என்றும் எழுதிவைத்துப் பழகினாள். விஷயம் தமிழில் தெளிந்துவிட்டதால், பெயர் மாறியது அவளுக்குப் பெரிய கஷ்டமாக இல்லை.

எப்படிப் படிப்பது? பள்ளிப் பரீட்சை விதியைச் சொல்லச் சொல்லுகிறது. இந்தப் பரீட்சை விதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுகிறது. தண்ணீர் வாளிக் கேள்வி அப்படிப்பட்டதுதான். ஆகவே பள்ளிப் புஸ்தகத்தை அடி முதல் நுனி வரை அறிந்தபின், தினந்தோறும் கடினமான கணக்கு ஒன்றையாவது விடையைப் பாராமல் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிப் பார்க்க வேண்டும். விடை வராவிட்டாலும் அந்த ஒரு மணி வீணாகாது. ஐம்பது கணக்குகளின் விடையை மனப்பாடம் செய்தவனைக் காட்டிலும் ஐந்து கணக்குகளோடு போராடியவன் புதுக் கணக்கைக் கண்டு அஞ்சமாட்டான். நுண்கணிதத்தில் கை நன்றாக ஓட வேண்டும். இரவில் தூங்கவும் வேண்டும். தூங்காத மூளை மூன்றாவது மணியில் கூட்டல் கழித்தலையே தப்பாகப் போடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. ராஜஸ்தானத்துக் கோட்டா நகரில், இந்தப் பரீட்சைகளுக்காக வீட்டை விட்டுப் போய்த் தங்கிய குழந்தைகள் தங்கள் உயிரையே மாய்த்துக்கொண்ட செய்திகளைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். பரீட்சை தவறினால் வீட்டில் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள் என்ற பயத்தை மட்டும் எந்தக் குழந்தையும் சுமக்கக் கூடாது. பௌதிகத்தைத் தேடிப் போக வேறு வழிகளும் இருக்கின்றன. உள்ளூர்க் கல்லூரியில் பி.எஸ்ஸி. படித்துவிட்டு, ஜாம் என்ற பரீட்சை எழுதி அதே ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்ஸி. சேரலாம். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததுமே ஐஸர், நைஸர் போன்ற ஆராய்ச்சிக் கல்வி நிலையங்களுக்குத் தனி நுழைவுப் பரீட்சைகள் இருக்கின்றன.

அண்ணாச்சியின் கேள்விகள்

திண்ணைக்குத் திரும்புவோம். தராசின் உட்கதையைக் கேட்ட அண்ணாச்சி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு வியாபாரிக்கு உரிய முறையில் கணக்குக் கேட்டார்.

"செலவு எவ்வளவு ஸார்?"

ஐ.ஐ.டி.க்களின் கல்விக் கட்டணம் 2016இல் வருஷத்துக்கு 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆதிதிராவிட, பழங்குடி மாணாக்கருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் அது முழுவதும் தள்ளுபடி. குடும்ப வருமானம் வருஷம் 1 லட்சத்துக்குக் குறைந்தால் மற்றவர்களுக்கும் முழுத் தள்ளுபடி. 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. சாப்பாடும் விடுதியும் தனி. இதைச் சொன்னதும் அவர் முகம் சற்றுத் தெளிந்தது.

"வேலை?"

இதற்கு நாம் ஆசை வார்த்தை சொல்லவில்லை. இந்தப் படிப்பு முடித்தவர்களில் சிலர் மேல்படிப்புக்குப் போகிறார்கள். சிலர் சில்லு செய்யும் கம்பெனிகளுக்கும், ஒளியியல் கருவிகள் செய்யும் கம்பெனிகளுக்கும் போகிறார்கள். கம்ப்யூட்டர் வேலைக்கே போகிறவர்களும் உண்டு. முதல் நாள் சம்பளத்தில் கம்ப்யூட்டர்காரர் முந்தலாம். சர் ஸி. வி. ராமன் கூட 1907இல் எம்.ஏ. முடித்ததும், நம் நாட்டில் ஸயன்ஸுக்குப் பிழைப்பு இல்லாததால் சர்க்கார் கணக்கு உத்தியோகத்துக்குத்தான் போனார். பத்து வருஷம் கழித்து, குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்துக் கல்கத்தா சர்வகலாசாலைப் பேராசிரியரானார். 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பத்து வருஷக் காத்திருப்பு வேண்டியதில்லை.

"சரி ஸார், பிஸிக்ஸை மேலே எழுதி அது கிடைக்காமற் போனால், கீழே எழுதிய கம்ப்யூட்டரும் கைநழுவிப் போய்விடாதா?"

இந்தச் சந்தேகம் அநேகமாக எல்லாப் பெற்றோருக்கும் இருக்கிறது. இதனாலேயே பிள்ளைகளின் ஜாபிதா தலைகீழாகிவிடுகிறது. இடம் ஒதுக்கும் முறை மிக எளியது. ஜாபிதாவை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். ராங்குக்கு எட்டக்கூடிய முதல் இடம் எதுவோ அது கிடைக்கும். மேலே எட்டாததை எழுதியதற்காகக் கீழே இருப்பதை யாரும் பிடுங்கிக்கொள்வதில்லை. ஆகையால் கிடைக்குமா கிடைக்காதா என்று ஊகம் செய்யாமல், உண்மையில் வேண்டியதை வேண்டிய வரிசையில் எழுதுவதே புத்திசாலித்தனம். சுற்றுகள் பல உண்டு. கிடைத்த இடத்தை வைத்துக்கொண்டே மேலே உள்ளதற்காகக் காத்திருக்கவும் வழி இருக்கிறது. பெண்களுக்கென்று 2018 முதல் கூடுதல் இடங்களும் ஏற்படுத்தியிருக்கிறார்கள்.

பிறகு பெண்ணைப் பார்த்து, அந்தப் பையனுக்குச் சொல்லத் தவறியதை இவளுக்குச் சொன்னோம். "அம்மா, உள்ளே போவது கஷ்டம், உள்ளே இருப்பது அதைவிடக் கஷ்டம். குவாண்டம் மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், ஸ்டாட்டிஸ்டிகல் மெக்கானிக்ஸ் என்று தத்துவம் ஒரு பக்கம் நெருக்கும். எலக்ட்ரானிக்ஸும் லாபரட்டரியும் இன்னொரு பக்கம் நெருக்கும். இங்கே நூற்றுக்கு நூறு வாங்கிய நீ அங்கே முப்பது வாங்கும் நாளும் வரலாம். அந்த நாளிலும் தராசுக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றுமா உனக்கு?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. "தெரியவில்லை ஸார். ஆனால் கம்ப்யூட்டரில் சேர்ந்தாலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்" என்றாள்.

அண்ணாச்சி எழுந்து வேஷ்டியை உதறிக் கட்டிக்கொண்டார். "எட்டாவதில் இருக்கிற கம்ப்யூட்டரை நாலாவதில் போடு. மேலே இருக்கிற மூன்றும் உன் இஷ்டம்" என்றார். வியாபாரி அல்லவா! பேரத்தை அதற்குமேல் நாம் நீட்டவில்லை.

ஜாபிதாவில் இரண்டாவதாக எழுதியது அவளுக்குக் கிடைத்தது. முதல் பரீட்சையில் முப்பதும் கிடைத்தது. வாங்கிய அன்று இரவு போனில் அழுதாள். "மூன்றாவது கணக்கு எங்கே தப்பிற்று என்று கண்டுபிடித்தாயா?" என்று கேட்டோம். "கண்டுபிடித்துவிட்டேன்" என்று அழுகையின் நடுவிலேயே அதை விளக்கத் தொடங்கிவிட்டாள். அப்போது நம் பயம் பாதி தணிந்தது. இப்போது கடைசி வருஷத்தில் கால் வைத்திருக்கிறாள். மெல்லிய படலங்களின் மின்தடையை அளக்கும் வேலையில் இருப்பதாக எழுதியிருந்தாள்.

போன வாரம் வெல்லம் வாங்கக் கடைக்குப் போயிருந்தோம். ஒரு கிழவி, "இந்தப் பெட்டித் தராசை எப்படி நம்புகிறது? ஒன்றும் ஆடவில்லை, அசையவில்லையே!" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆடுகிறது ஆச்சி, உங்கள் கண்ணுக்குத் தெரியாமல் ஆடுகிறது" என்றார் அண்ணாச்சி. "உள்ளே நாலு தடை இருக்கிறது. வீட்ஸ்டோன் என்று ஒரு வெள்ளைக்காரர்..." என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னார். கிழவி வெல்லத்தைக் கூட மறந்து கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்ஸ்டோன் சுற்றை நாம் வகுப்பில் இருபது வருஷங்களாகச் சொல்லி வருகிறோம். இவ்வளவு தெளிவாகச் சொன்னதாக நமக்கு ஞாபகம் இல்லை.